ஓசை அடங்கினால் போதுமா?

ஓரிடத்தில் குறை தோன்றுகின்றது; அக்குறையினால் முறையீடும் எழுகின்றது. முறையீடு அடங்கிவிட்டால் குறையும் நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா? இவ்வினா அறநூல் வல்லார்க்கும் அரசியல் அறிஞர்க்கும் மட்டும் உரியதன்று. மாலைப்பொழுதில் வீட்டு மேசையின்முன் பற்றவைக்கும் கோலும் கையுமாக அமர்ந்து, தமக்கென ஓர் ஒலிக்கருவி அமைத்துக்கொள்ளும் எளிய மனிதர்க்கும் இவ்வினா எதிர்ப்படுகின்றது. பெரிய காரியங்களில் பலவும் கலந்து கிடத்தலால் தெளிவுறாத உண்மை, சிறிய பொருள் ஒன்றில் தெள்ளத் தெளியப் புலப்படுதல் உண்டு. ஆதலின் அச்சிறிய பொருளையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

நாம் கருதும் பொருள், வால்வுகளைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் ஹெட்போன் ஆம்பிளிபையர். வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். அதனுள் சூடேறிய உலோகத்தினின்று எலெக்ட்ரான்கள் புறப்பட்டு ஓடுகின்றன. 1904-ஆம் ஆண்டில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இரு முனை வால்வை அமைத்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் அவ்விரு முனைகளுக்கும் இடையே ‘கிரிட்’ என்னும் மூன்றாவது முனையைச் சேர்த்தார். கிரிட்டில் நிகழும் சிறு மின்னசைவு, வால்வின் வழியே ஓடும் பெரு மின்னோட்டத்தை ஆட்டி வைக்கின்றது. மெல்லிய ஒலி வலிய ஒலியாவது இதனாலேயே. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பின்னர், வால்வு வீட்டு வானொலிகளினின்று படிப்படியாக மறைந்தது. எனினும் அஃது அடியோடு ஒழிந்துவிடவில்லை. உருசியா, சீனா, சுலோவாக்கியா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன. ஆர்வலர் பலர் அவற்றை வாங்கித் தம் கையாலேயே கருவி அமைத்து மகிழ்கின்றனர்.

கடையில் வாங்கிய பொருள் கெட்டால் கடைக்காரரை நொந்துகொள்ளலாம். தாமே செய்த பொருள் கெட்டால் யாரை நொந்துகொள்வது? செய்தவரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே, பழுது நீங்கிற்று என்று தீர்ப்புக் கூறுபவரும் அவரே. மூன்று பொறுப்பும் ஒருவரிடமே வந்து சேர்தலால், மனித மனம் தனக்குத்தானே எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கின்றது என்பதை இங்கே காணலாம்.

கருவியை முடித்து முதன்முறை இயக்கியவுடன் பாட்டு வருமுன்னே வேறொன்று வருகின்றது. தேனீ முரல்வது போன்ற தாழ்ந்த, இடையறாத ஓசை. அதனை முரலொலி என்போம். அறையின் மூலையில் நிற்கும் ஒலிபெருக்கியில் இவ்வோசை மறைந்துபோதல் கூடும். காதோடு ஒட்டிய ஹெட்போனில் அது மறையாது. ஒரு மில்லிவாட் திறனுக்கே ஏறத்தாழ 100 டெசிபெல் ஒலி தரும் ஹெட்போன்கள் பல உள்ளன. அத்தகையதில் ஒரு மில்லிவோல்ட் அளவான முரலொலியும் செவிக்கு எட்டிவிடும். கருவியின் உள்ளே வால்வுகட்கு ஊட்டப்படும் மின்னழுத்தமோ 200 வோல்ட் அளவினது. அஃதாவது, இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு வழி தவறினும் காது அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வோசை எங்கிருந்து வருகின்றது? ஓசைதானே அதற்கு விடையும் கூறுகின்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் வீடுகட்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுடையது. அதனை ரெக்டிபயர் ஒருதிசை மின்னோட்டமாக ஆக்கும்போது, சுற்றின் இரு பாதிகளும் ஒரே பக்கம் திருப்பப்படுதலால் நொடிக்கு 100 அலைகள் எழுகின்றன. அவ்வலைகளைக் கண்டென்சரும் சோக் என்னும் கம்பிச்சுருளும் சமப்படுத்த வேண்டும். அவை போதாவிடில் 100 அலையின் சுருதி கேட்கும். 50 அலையின் சுருதி கேட்குமாயின், வால்வை வெப்பமாக்கும் இழையின் கம்பிகளையோ, டிரான்ஸ்பார்மரினின்று பரவும் காந்தப்புலத்தையோ, நிலத்தொடர்பில் ஏற்பட்ட வளையத்தையோ ஐயுற வேண்டும். இரு சுருதிகட்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி வேறுபாடு உண்டு. கீழ்ச் சட்சமத்தையும் மேல் சட்சமத்தையும் பிரித்தறியும் செவியுடையார் எவரும் இதனைப் பிரித்தறியலாம். ஆகவே இத்துறையில் முதற் கடமை கைவைப்பதன்று; பொறுமையாகக் கேட்பது.

ஆனால் நம்மவருள் பலர் கேட்பதற்கு முன்னே குற்றவாளியைத் தீர்மானித்து விடுகின்றனர். பெரும்பாலும் முதலில் பழி ஏற்பது வால்வுதான். ஏன்? அது கண்ணுக்குத் தெரிகின்றது, செந்நிறமாக ஒளிர்கின்றது, பிடுங்கி எறிதற்கும் எளிது. தாமே வளைத்து, தாமே பற்றவைத்த கம்பி ஒன்று டிரான்ஸ்பார்மரை ஒட்டிச் செல்வதனை அவர் கண் காண்பதில்லை. தம் வேலையைத் தாமே குறை கூற மனம் கூசுகின்றது. விலைக்கு வாங்கிய பொருளைக் குறை கூற அது கூசுவதில்லை. வால்வை மாற்றியும் ஓசை அடங்காதபோது கண்டென்சரை மாற்றுகின்றனர், கம்பியை மாற்றுகின்றனர், ஒரே மாலையில் ஐந்து பொருள்களை மாற்றி விடுகின்றனர். ஓசை அடங்கிவிட்டால் வெற்றி என்கின்றனர். ஐந்தில் எது காரணம் என்று கேட்டால் விடையில்லை. ஒரு குற்றத்திற்காக ஐவரைத் தண்டித்தவர், நால்வர் குற்றமற்றவர் என்பதையும் அறியார். ஐந்தாமவர் குற்றவாளி என்பதையும் அறியார்.

நேரிய வழி யாது? ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுவது. முதலில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்புக. முரலொலியும் உடன் கூடிக் குறையுமாயின், அது திருகுக்கு முன்னுள்ள பகுதியில் நுழைகின்றது. மாறாதிருக்குமாயின் பின்னுள்ள பகுதியில் நுழைகின்றது. ஒரு செயலிலேயே ஐயத்திற்குரிய இடம் பாதியாகிவிட்டது. அடுத்து, பாட்டைக் கொண்டுவரும் கம்பியைக் கழற்றிவிட்டு, கருவியின் நுழைவு முனையை அதன் நிலமுனையோடு இணைத்துக் கேட்க. ஓசை அடங்குமாயின் குறை வெளியினின்று வருகின்றது. அடங்காதாயின் அது கருவியின் உள்ளேயே உளது. இழைக்கு ஊட்டும் 6.3 வோல்ட் மாறுமின்னோட்டத்தின்மீது ஐயம் விழுந்தால், அவ்விழையை டிரான்ஸ்பார்மரினின்று பிரித்து 6 வோல்ட் பாட்டரியால் வெப்பமாக்கிப் பார்க்க. ஓசை நின்றுவிட்டதா? மகிழ்ச்சியில் எழுந்துவிடலாகாது. மீண்டும் பழையபடி மாறுமின்னோட்டத்தை ஊட்டிக் கேட்க. ஓசை திரும்பி வருமாயின் அப்பொழுதே காரணம் அறியப்பட்டது.

இச்சோதனைகளைச் செய்வோர் ஒன்றை மறத்தலாகாது. மின்தொடர்பை நீக்கிய பின்னரும் கண்டென்சர்களில் உயிரைப் போக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனை முறைப்படி இறக்கி, அளவுகருவியால் அளந்து, இல்லை என்று கண்ட பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். ‘அணைத்துவிட்டேன், ஆகவே அச்சமில்லை’ என்பதும் ஆராயாத நம்பிக்கையே.

குறையை நீக்குவதோடு நில்லாமல், அதனை வேண்டுமென்றே திரும்ப வரவழைத்துப் பார்ப்பது வீண்வேலையெனச் சிலர்க்குத் தோன்றலாம். அஃது அவ்வாறன்று. காரணம் உள்ளவிடத்துக் காரியம் உண்டு; காரணம் இல்லாவிடத்துக் காரியம் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே காட்டப்பட்டாலன்றித் துணிபு பிறவாது. இவற்றையே நம் அளவை நூல்கள் அன்னுவயம், வெதிரேகம் என்று வழங்கின. 1843-இல் தம் தர்க்க நூலை வெளியிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில், வேறெல்லாம் ஒத்திருக்க ஒன்றில் மட்டும் வேறுபடும் இரு நிலைகளை ஒப்பிட்டுக் காரணம் காணும் முறையை விளக்கினார். நீதிமன்றத்தில் எவரையும் குற்றவாளி என்று சொல்லுமுன் சான்று வேண்டும் என்கின்றோம். ஒரு கம்பியைக் குற்றவாளி என்று சொல்லும்போதும் அந்நெறியைக் கைக்கொள்வோர்க்கு மனிதரிடத்தும் அதனைக் கைக்கொள்ளும் பழக்கம் உண்டாகும்.

இனி, நம் முதல் வினாவுக்கு வருவோம். முரலொலியை அடக்க மூன்று வழிகள் உள்ளன. அவற்றின் முடிவு செவிக்கு ஒன்றே, தன்மையோ வெவ்வேறு.

முதலாவது, காரணத்தைக் கண்டு நீக்குவது. இதனை மேலே கண்டோம்.

இரண்டாவது, காரணத்தை விட்டுவிட்டு ஓசையை மட்டும் மறைப்பது. வால்வுகளை இணைக்கும் கண்டென்சரை மிகச் சிறியதாக வைத்துவிட்டால் தாழ்ந்த சுருதிகள் ஆம்பிளிபையரின் வழியே செல்லா. இடையில் நுழையும் முரலொலியும் தேய்ந்துவிடும். அதனோடு மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் தேய்ந்துவிடும். இவர் செய்தது ஒரு சிறு ஏமாற்று. ஆனால் ஏமாறியவர் பெரும்பாலும் அவரே. இழந்தது இசையின் ஒரு பகுதி. இதனைக் குறை என்று கூறலாம். கொடுமை என்று கூறுதற்கில்லை.

மூன்றாவது வழியே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. பாட்டுத் தரும் கருவி ஒன்று, ஆம்பிளிபையர் ஒன்று. இரண்டும் சுவரிலுள்ள மின்துளையின் வழியே நிலத்தோடு தொடர்புடையவை. இரண்டையும் ஒலிக்கம்பியும் இணைக்கின்றது. ஆகவே நிலக்கம்பியும் ஒலிக்கம்பியின் உறையும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. சுற்றியுள்ள காந்தப்புலம் அவ்வளையத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டி முரலொலியை எழுப்புகின்றது. இவ்வளையம் எங்கேனும் அறுபட்டால் ஓசை உடனே அடங்கும். அறுப்பதற்கு மிக எளிய இடம் எது? பிளக்கினுள் இருக்கும் நிலக்கம்பி, அதாவது எர்த். ஒரு திருகாணியைத் தளர்த்தி அக்கம்பியை விடுவித்தால் போதும். இரண்டு நிமிட வேலை. ஓசை அற்புதமாக நின்றுவிடும். செய்தவர் தம் அறிவை வியந்து பாட்டில் ஆழ்ந்துவிடுவார்.

அவர் அறுத்தது யாதென்று பார்ப்போம். நம் நாடுகளில் வழங்கும் மூன்று கால் பிளக்கு, 1947-இல் வெளியான பிரிட்டிஷ் தரம் 1363-இன்படி அமைந்தது. அதன் கால்களுள் மேலே நிற்கும் எர்த் கால் மற்ற இரண்டினும் நீளமானது. செருகும்போது அது முதலில் தொடுகின்றது. பிடுங்கும்போது கடைசியில் விடுகின்றது. காப்பு முன்னே வந்து பின்னே போகவேண்டும் என்பது அதனை வகுத்தோர் கருத்து. எல்லாம் நலமாக இருக்கும் நாளில் அக்கால் ஒரு வேலையும் செய்வதாகத் தெரியாது. வேலை செய்யாததை அறுத்தால் என்ன என்று எண்ணுவோர்க்கு அது தேவையற்ற உறுப்பாகவே தோன்றும்.

ஆனால் டிரான்ஸ்பார்மரின் உறை என்றேனும் வெடித்து, 230 வோல்ட் மின்கம்பி உலோகப் பெட்டியைத் தொட்டுவிடுமாயின், எர்த் உள்ள கருவியில் பெருமின்னோட்டம் நிலத்துக்குப் பாய்ந்து பியூஸ் உருகிக் கருவி அணைந்துவிடும். எர்த் அறுத்த கருவியில் ஒன்றும் நிகழாது. வால்வு ஒளிரும், பாட்டும் இனிமையாகப் பாடும். பெட்டி முழுதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஒலிச்சுற்றின் நிலமுனை பெட்டியோடு இணைந்திருத்தலால் ஹெட்போன் கம்பியும் அந்நிலையிலேயே நிற்கும். அதனைத் தலையில் அணிந்தவர் குழாய்த் தண்ணீரையோ வேறோர் உலோகப் பொருளையோ தொடும் நொடியில், நிலத்தைத் தேடி நின்ற மின்சாரத்திற்கு அவர் உடலே வழியாகின்றது.

வீட்டில் மின்கசிவுக் காப்பு விசை உண்டே என்பர். 30 மில்லியாம்பியர் கசிந்தால் துண்டிக்கும் விசைகள் இன்று வீடுகளில் வழங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் எர்த் இருந்தால் கசிவு உண்டான நொடியிலேயே அவ்விசை விழும். எர்த் இல்லையேல் மின்சாரம் கசிதற்கு வழியின்றி, ஒருவர் வந்து தொடும் வரை அது காத்திருக்கும். அஃதாவது, பழுதைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கருவியாக ஒரு மனித உடலைப் பயன்படுத்துகின்றோம். அவ்வுடல் யாருடையது? கருவியைச் செய்தவருடையதாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தகப்பனார் இல்லாத நேரத்தில் அதனை எடுத்து அணியும் மகளுடையதாகலாம். அன்பளிப்பாகப் பெற்ற நண்பருடையதாகலாம். பத்தாண்டு கழித்துப் பழம்பொருளாக வாங்கிய முன்பின் அறியாதவருடையதாகலாம். இவர்களுள் எவரும் அத்திருகாணியைத் திறந்து பார்த்ததில்லை.

‘பலர் இவ்வாறு அறுத்துள்ளனர், ஒருவர்க்கும் ஒன்றும் நேரவில்லை’ என்னும் மறுப்பு அடிக்கடி கூறப்படுகின்றது. இம்மறுப்பின் வலிமையை ஆராய்வோம். விபத்து நிகழ இரண்டு குறைகள் ஒன்றுசேர வேண்டும்: எர்த் அறுபட்டிருத்தல் ஒன்று, உறை வெடித்தல் மற்றொன்று. இரண்டாவது என்றோ ஒருநாள் நிகழ்வது. அது நிகழாத நாள்களை எத்தனை எண்ணினாலும், நிகழும் நாளில் என்ன ஆகும் என்பதற்கு அவை சான்றாகா. மழையில்லாத நாளெல்லாம் ஓட்டைக் கூரையும் நல்ல கூரைதான்.

1877-ஆம் ஆண்டில் வில்லியம் கிங்டன் கிளிபர்டு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், நம்பிக்கையின் அறத்தைப் பற்றிய தம் கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டினார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டுமோ என்னும் ஐயம் முதலாளிக்கு உண்டு. பழுது பார்ப்பதற்குச் செலவாகும். இத்தனை பயணங்களை நலமாக முடித்த கப்பல் இப்பயணத்தையும் முடிக்கும் என்று தம் ஐயத்தைத் தாமே அடக்கிக்கொண்டு, குடிபெயர்ந்து செல்வோரை அதில் ஏற்றி அனுப்புகின்றார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது; அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கின்றார். இவர் குற்றவாளி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. கிளிபர்டு அடுத்து எழுப்பும் வினாவே நம் சிந்தனைக்குரியது. அக்கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தால் அவர் குற்றம் குறைந்துவிடுமா? சிறிதும் குறையாது என்பது அவர் முடிவு. என்னை? குற்றம் கப்பல் மூழ்கியதில் இல்லை; நம்புதற்கு உரிமையில்லாத ஒன்றைத் தம் வசதிக்காக நம்பியதில் உள்ளது.

எர்த் கம்பியை அறுத்தவரும் அம்முதலாளியும் ஒரு நிலையினரே. அவர் வீட்டில் என்றும் ஒன்றும் நேராமற் போகலாம். அது கருவியின் நல்வினைப்பயன் அன்று, தற்செயல். தற்செயலைத் தம் அறிவின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுதல் நேர்மையாகாது.

‘அப்படியாயின் முரலொலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமோ?’ என்று கேட்கலாம். வேண்டுவதில்லை. அறத்தோடு பொருந்திய வழிகளே இங்கு மிகுதி. இரு கருவிகளையும் ஒரே மின்பலகையில் அடுத்தடுத்துச் செருகினால் வளையம் சிறுக்கும். ஒலிக்கம்பியின் இடையே ஒலிக்கென அமைந்த சிறு டிரான்ஸ்பார்மரை வைத்தால், பாட்டு கடந்து செல்லும், வளையம் அறுபடும், எர்த் அறுபடாது. கருவியினுள் ஒலிச்சுற்றின் நிலக்கம்பிகளை எல்லாம் ஓரிடத்தில் குவித்து, அங்கிருந்து மட்டும் பெட்டியோடு இணைப்பது மற்றொரு முறை. இழைக்கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பெட்டியின் மூலையோரமாகச் செலுத்துவதும், டிரான்ஸ்பார்மர்களை ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி வைப்பதும் 50 அலையின் முரலைத் தணிக்கும். இவற்றுக்கு இரண்டு நிமிடம் போதாது. இரண்டு மாலைப்பொழுதுகள் வேண்டும். அவ்விரண்டு மாலைகளையே மூன்றாம் வழியினர் மிச்சப்படுத்தினர். பிறர் உயிரை ஈடாக வைத்து மிச்சப்படுத்தினர்.

இரட்டைக் காப்புடன், எர்த் வேண்டாதபடி அமைக்கப்படும் கருவிகளும் உள்ளனவே என்பாரும் உளர். அவை தொடக்கமுதலே அவ்வாறு வகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டவை. உலோகப் பெட்டியில் வீட்டில் செய்த கருவியின் எர்த்தைப் பிடுங்கிவிடுதலால் அஃது அவ்வினத்தில் சேர்ந்துவிடாது. காவலர் தேவையில்லாத கோட்டையைக் கட்டுவது வேறு. கட்டிய கோட்டையின் காவலரைத் துரத்துவது வேறு.

முழு மௌனம் எந்தக் கருவிக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் கூறவேண்டும். எல்லாம் செய்து முடித்த பின்னரும், நள்ளிரவில் பாட்டின்றி உற்றுக் கேட்டால் ஒரு மெல்லிய மூச்சு கேட்கக் கூடும். அதனை மறைக்க வேண்டுவதில்லை. இன்ன அளவு உளது, இன்ன காரணத்தால் உளது என்று அறிந்து விட்டுவைத்த குறை, அறியாமல் அடக்கிய மௌனத்தினும் நம்பத்தக்கது.

வீட்டிலும் தொழிலிடத்திலும் பொதுவாழ்விலும் முறையீட்டுக் குரல் எழும்போதெல்லாம் இம்மூன்று வழிகளும் நம் முன்னே நிற்கின்றன. காரணத்தைத் தேடலாம், குரலை மங்கச் செய்யலாம், அல்லது யாரையோ காத்து நின்ற ஒன்றை ஓசையின்றி அறுத்துவிடலாம். மூன்றின் முடிவிலும் அமைதி உண்டு. ஆகவே, அமைதி வந்துவிட்டது என்று ஒருவர் கூறும்போது, அஃது எதனால் வந்தது, அதற்காக எது அறுக்கப்பட்டது என்று வினவுவதே அறிவுடையார் கடமை.

தம் கையால் கருவி செய்யும் அன்பர்கட்கு நாம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. பெட்டியின் மூடியைப் பொருத்துமுன், அளவுகருவியின் ஒரு முனையைப் பிளக்கின் நீண்ட காலிலும் மறுமுனையைப் பெட்டியின் உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். முள் தொடர்பைக் காட்டுமாயின் மூடியைப் பொருத்துங்கள். காட்டாதாயின், கருவி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், அதனை எவர் தலையிலும் வைக்காதீர்கள்.